ரூமில் சமைக்கக் கூடாது

இருபத்தாறு வருடமாக "வாங்க" என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எலக்ட்ரிக் கடைக்கும் மெடிக்கலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் லாட்ஜ். மூன்று மாடி, பதினெட்டு ரூம். நான் அதற்கு மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடிக் கதவு திறந்ததும் எழுந்து, "வாங்க சார், வாங்க" என்று சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தச் சிரிப்பு எப்போதோ என் முட்டிக்குள் இறங்கிவிட்டது. கதவுச் சத்தம் கேட்டால் கால் தானாக எழும்பும், வாய் தானாகத் திறக்கும். வீட்டில் பீரோவைத் திறந்தால்கூட எழுந்து நிற்கிறேன் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

இந்த வாயால்தான் என் கூடப் பிறந்த அக்கா என்னை விட்டு விலகினாள் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு கரண்ட் அடுப்பு. அரிமளத்தில் வாழ்க்கைப்பட்டவள் அவள். டவுனுக்கு வந்தால் திருக்கோகர்ணத்தில் இருக்கிற என் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போக வேண்டும். எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். அதற்காக மாடியில் ரூமே கட்டினேன். டைல்ஸ் போட்டு, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பியும் அடித்து வைத்திருக்கிறேன். அந்தக் கம்பியைப் பிடிக்கத்தான் ஆள் வரவில்லை.

விருந்தோம்பல், விருந்தோம்பல் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களை ஒரு வாரம் கவுண்டரில் உட்கார வைக்க வேண்டும். நடந்தும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில் வழிநெடுகச் சத்திரம் இருந்தது. படுக்கத் தரை, குடிக்கத் தண்ணீர், ஒரு வேளைச் சோறு. அதிலும் யாருக்கு உள்ளே இடம், யாருக்கு வாசலோடு சரி என்பதெல்லாம் இருந்தது. அதை மேடையில் சொல்ல மாட்டார்கள். அப்புறம் அதிகாரிகளுக்கென்று டிராவலர்ஸ் பங்களா வந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் வாட்ச்மேன் கோழியைத் துரத்துவார். பஸ் ஓட ஆரம்பித்ததும் லாட்ஜ் வந்தது. முதலில் வராந்தாக் கடைசியில் எல்லாருக்கும் ஒரே குளியலறை, பிறகு ரூமுக்குள்ளேயே குளியலறை, பிறகு டி.வி., பிறகு ஏ.சி. இப்போது விராலிமலைப் பக்கம் போனால், லாரிக்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஹோட்டல்கள் நிற்கின்றன. அங்கே போனில் ரூம் போட்டுவிட்டு வருகிறவர்கள் ஆள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

சொந்தக்காரர்களைச் சொல்லவே வேண்டாம். கல்யாணமா, மண்டபத்திலேயே ரூம். வளைகாப்பா, பக்கத்து லாட்ஜில் ரூம். "வீட்டுல ஒங்களுக்கு வசதி பத்தாது" என்று நயமாகச் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். விருந்தாளிக்கும் வசதி, வீட்டுக்காரனுக்கும் நிம்மதி. முகூர்த்த நாளில் பதினெட்டு ரூமும் இப்படி வந்தவர்களால்தான் நிரம்புகிறது. யாரைக் குறை சொல்ல? இதை முதலில் செய்தவர்களில் நானும் ஒருவன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். விராலிமலைக்கு உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரிலிருந்து அப்போது காலையில் பஸ் கிடையாது. அதனால் புதுக்கோட்டையில் ஐ.டி.ஐ. படித்த இரண்டு வருடமும் அரிமளத்தில் அக்கா வீட்டில் தங்கித்தான் படித்தேன். ஒரே ரூம், ஓர் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. பரீட்சை வந்தால் அக்காவும் மச்சானும் அடுப்படியில் பாயைப் போட்டுக்கொண்டு எனக்கு ரூமை விட்டுவிடுவார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள். எனக்கு அப்போது அது உறைக்கவே இல்லை. லைட்டைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு படித்தேன்.

மச்சான் வாடகைக்கு டிராக்டர் ஓட்டினார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் என்றார்கள். ஆரம்பத்தில் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். அக்கா எனக்குப் போன் போட்டாள்.

"டேய், ஒங்க வீட்டுல வந்து கொஞ்ச நாள் இருந்துக்கிறோம்டா. அங்கனருந்து ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரி போயிக்கலாம்."

அப்போது என் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டே ரூம், ஒரே பாத்ரூம். இந்த இடத்தில் மனைவி மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவள் பாவம், "எங்கங்க படுக்க வைக்கிறது? நம்ம ஹால்ல படுத்துக்குவமா?" என்றுதான் கேட்டாள். முடிவு பண்ணியது நான்.

"வீடு எதுக்குக்கா? நம்ம லாட்ஜுலயே கீழ் ரூம் ஒண்ணு போட்டுத் தாரேன். ஓனர்ட்ட சொல்லிட்டேன், வாடகை கெடையாது. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு, படி ஏற வேணாம். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிரலாம்."

"சரிடா, ஒனக்கு எது தோதோ அப்பிடிச் செய்யி" என்றாள். நான் பெரிய உபகாரம் செய்துவிட்ட பெருமையில் போனை வைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

வந்த அன்று வாசலுக்கே ஓடிப்போய், "வாங்க மச்சான், வாங்க" என்று பையை வாங்கினேன். அவர் ஆட்டோவிலிருந்து இறங்கி என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். "மாப்ள, கஸ்டமரா வந்தாத்தான் ஒங்க சிரிப்பையே பாக்க முடியுது" என்றார். ரூம் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ரூம் பாய் என்றுதான் பெயர், அவருக்கும் வயது ஐம்பத்தைந்து.

சாப்பாடுதான் பிரச்சினையானது. டயாலிசிஸ்காரர்களுக்கு உப்பு ஆகாது. காயை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே அளவு. எந்த ஹோட்டலில் இப்படிச் செய்து தருவான்? முதல் நாலு நாள் என் மனைவி ஆக்கிக் கொடுத்தனுப்பினாள். ஆறிப்போய் வருகிற உப்பில்லாச் சோற்றை மச்சானால் தொண்டையில் இறக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் அக்கா கடைவீதிக்குப் போய் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கிவந்து, ரூமிலேயே வைத்துக்கொண்டாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு போர்டு தொங்குகிறது. மது அருந்தக் கூடாது, விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று வரிசையாக இருக்கும். அதில் நாலாவது, "ரூமில் சமைக்கக் கூடாது." பெயிண்டருக்கு அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஓனர் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தளம் முழுக்கக் கரண்ட் டிரிப் ஆகிவிட்டது. நாலாம் நம்பர் ரூம்காரர் உடம்பெல்லாம் சோப்போடு, துண்டைக் கட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து கத்தினார். ரூம் பாய் சுவிட்ச் போர்டைத் தட்டிவிட்டு வந்து, "ஏழுலருந்து வருதுண்ணே" என்றார். ஏழு அக்காவின் ரூம். ஓனர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க ஆளுகன்னா ரூல்ஸ் கெடையாதாய்யா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். ஓனரும் பின்னாலேயே வந்து நின்றார். மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா தரையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பாத்திரத்தில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அன்று ஒரு மணிக்கு மச்சானுக்கு டயாலிசிஸ். அதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும்.

"ரூம்ல சமைக்கக் கூடாதுங்க. போர்டுல போட்ருக்குல்ல?" என்றேன்.

அது கவுண்டரில் பேசுகிற குரல். கடன் சொல்லித் தங்குகிற யாரோ ஒரு பார்ட்டியிடம் பேசுகிற குரல். என்னை வாடா போடா என்று வளர்த்தவளிடம் அந்தக் குரலில் பேசினேன். அக்கா என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற ஓனரையும் பார்த்தாள்.

"இன்னும் தண்ணி வடிக்கலடா. அஞ்சு நிமிசம் இரு."

நான் ஐந்து நிமிடம் இருக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன், பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்தேன், அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டருக்கு அடியில் வைத்துவிட்டேன். கையில் சூடு பட்டுக் கொப்புளித்தது. ஓனர் ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் அதை அன்று சாயங்காலமே மறந்திருப்பார்.

டயாலிசிஸ் முடிந்து திரும்பியதும் அக்கா பையைக் கட்டினாள். அரிமளத்திலிருந்தே பஸ்ஸில் வந்து போய்க்கொள்வதாகச் சொன்னாள். நான் கெஞ்சினேன். "இல்லடா, பரவால்ல" என்றாள். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்டா" என்றாள். மச்சான் என் தோளைத் தட்டி, "வாரேன் மாப்ள. ரூமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவ ஏ.சி. போட்டுக் குடுங்க" என்றார். அடுப்பை எடுத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. எடுத்து நீட்டக் கை வரவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள், போக வர பஸ். சில நாள் உட்கார இடம் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. நாலு மாதம் அப்படி அலைந்தார். ஒருநாள் விடிகாலையில் வீட்டிலேயே இறந்துபோனார். பஸ்ஸில் அலைந்ததால்தான் போனார் என்று யாரும் சொல்லவில்லை. நான் டாக்டரைக் கேட்கவும் இல்லை. இல்லையென்று அவர் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்?

எங்கள் பக்கத்தில் இழவு விழுந்த வீட்டைக் கேத வீடு என்போம். கேத வீட்டுக்கு வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடக் கூடாது. அவர்களாக வர வேண்டும், வாசலில் நிற்கிற ஆண்களின் கையைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். கிளம்பும்போதும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். இப்படி ஒரு காரியத்துக்கு இந்த வீட்டுக்கு மறுபடியும் வரக் கூடாது என்பதுதான் கணக்கு. இதைக் குழந்தைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, பார்த்தே கற்றுக்கொள்ளும்.

மச்சானின் சாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு போனேன். பந்தலுக்கு முன்னால் பங்காளிகளோடு நானும் நின்றேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரிடமும் பேசாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். உச்சிவேளைக்கு மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திடீரென்று பந்தல் அமைதியாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. சிங்கப்பூரிலிருந்து மச்சானின் தம்பி. ஏர்போர்ட்டிலிருந்து நேராக வருகிறார், கையில் சக்கரம் வைத்த சூட்கேஸ். கார்க் கதவு திறக்கிற சத்தம், மண்ணில் சூட்கேஸ் உருளுகிற சத்தம். என் கால் முன்னால் போனது. கை சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

"வாங்க சார், வாங்க" என்றேன். சத்தமாக. சிரித்த முகமாக.

அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். யாரோ, "அட கெரகமே" என்றார்கள். பிளாஸ்டிக் சேர்களில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. கதவுக்கு நேரே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த அக்காவும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரூம் ஏழில் தரையில் உட்கார்ந்து பார்த்தாளே, அதே பார்வை. அந்த நொடியே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். நான் அரிமளம் போனால், "வாங்க" என்கிறாள். வாடா என்றவள் வாங்க என்கிறாள். சேரைத் துடைத்துப் போடுகிறாள், எவர்சில்வர் தட்டில் வைத்துத் தண்ணீர் தருகிறாள், "ஊர்ல எல்லாரும் சொகமா?" என்று கேட்கிறாள். பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனால் இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொள்கிறாள். உபசரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் அந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டேன்.

அப்போதுதான் மாடி ரூமைக் கட்ட ஆரம்பித்தேன். சொசைட்டியில் லோன் போட்டுக் கட்டினேன். கட்டி முடித்ததும் நேரில் போய், "அக்கா, ஒனக்குன்னுதான் கட்டிருக்கேன், வந்து ரெண்டு நாள் இரு" என்று கூப்பிட்டேன். "பாப்போம்" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பாப்போம்தான்.

போன மாசியில் ஒருநாள் காலையில் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஆன்லைன் புக்கிங் ஒன்று வந்து விழுந்தது. ஒரு ஆள், ஒரு ராத்திரி. பெயரைப் பார்த்தேன், அக்காவின் பெயர். குவைத்தில் இருக்கிற அவள் மகன் அங்கிருந்தே போட்டிருக்கிறான். ரூம் பாய் எட்டிப் பார்த்து, "தனி ஆளாண்ணே?" என்றார். தனியாக வருகிறவர்களுக்கு நாங்கள் ரூம் கொடுப்பதில்லை. ஒருமுறை போலீஸ் வந்து கதவை உடைக்க வேண்டிவந்த பிறகு ஓனர் போட்ட ரூல் அது. "எங்க அக்காய்யா" என்றேன். எனக்குக் கை கால் ஓடவில்லை. வருகிறாள், எப்படியோ வருகிறாள், இங்கிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட மாட்டேனா? உடனே மனைவிக்குப் போன் பண்ணினேன். அவள் மாடி ரூமைக் கழுவிவிட்டு, புது விரிப்பு விரித்து, பாத்ரூமில் புது சோப் வைத்துவிட்டு, எனக்குப் போனில் படம் எடுத்து அனுப்பினாள்.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்தது. அரிமளத்துப் பக்கத்து வீட்டுப் பெண் அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடும் என்று அதே ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். அக்காவின் கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அதற்குள் ஒரு கண்ணில் கட்டு. அன்று காலையில்தான் கண்புரை ஆபரேஷன் முடிந்திருக்கிறது. இன்னொரு கண்ணிலும் புரைதான், சரியாகத் தெரியாது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் கட்டுப் பிரிக்க வேண்டும், அதனால் ஒரு ராத்திரி டவுனில் தங்க வேண்டும்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். நான் எழுந்தேன். வாய் திறந்தது. பந்தலும் சூட்கேஸும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். கதவு திறந்து ஓர் ஆள் உள்ளே வந்தும் நான் வாங்க என்று சொல்லாமல் நின்றது இருபத்தாறு வருடத்தில் அது ஒரு தடவைதான்.

"என்ன, ஊருக்கெல்லாம் சொல்லுவ. எனக்கு வான்னு சொல்ல மாட்டியா?" என்றாள்.

"வாக்கா" என்றேன். நேரம் கடந்து வந்த வார்த்தை. "எதுக்குக்கா இங்க? வீட்டுக்குப் போவோம். மாடியில எல்லாம் ரெடியா இருக்கு. அவ ஒனக்காகக் காத்துக்கிட்டிருக்கா."

"பையன் பணம் கட்டிட்டான். நாந்தான் இங்க போடச் சொன்னேன். கஸ்டமர்னா நல்லாப் பாத்துக்குவேல்ல?"

பையைத் துழாவி ஆதார் அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். வேண்டாம் என்று தள்ளினேன். "எல்லாருக்கும் உள்ள ரூல்ஸ்தான, எழுதிக்க" என்றாள். ரெஜிஸ்டரில் பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் நானே எழுதினேன். கையெழுத்துப் போடுகிற இடம் அவளுக்குத் தெரியவில்லை. அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். அவள் கையை நான் தொட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மேல் மாடியில் ஏ.சி. ரூம் சாவியை எடுத்தேன்.

"கீழ் ரூம் இல்லையா?"

"எந்த ரூம்க்கா?"

"அதான், அது."

ஏழாம் நம்பர் சாவியைக் கொடுத்தேன். அவள் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். எத்தனை அடி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து மணி வாக்கில் எனக்குப் பொறுக்கவில்லை. கவுண்டருக்கு அடியிலிருந்து அந்த அடுப்பை எடுத்தேன். இரண்டு வருடமாக அங்கேயேதான் கிடந்தது. துடைத்து, எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அக்கா கட்டிலில், மச்சான் சாய்ந்திருந்த அதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுவந்த சோறு பக்கத்தில் இருந்தது.

"அக்கா, இந்தா. சூடா எதாச்சும் வச்சுக்க. ஒரு பயலும் ஒண்ணும் சொல்ல மாட்டான். எவன் கேக்குறான்னு நான் பாத்துக்கிறேன்."

அவள் கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் உடைந்திருந்த இடத்தில் விரல் நின்றது.

"இத இன்னுமாடா வச்சிருக்க? இப்ப யாருக்குடா நான் உப்பில்லாம ஆக்கப்போறேன்?"

டா என்றாள். அந்த நேரத்திலும் எனக்கு அந்த டா சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு கேவலமானவன் நான்.

"அன்னிக்கி வெறும் வயித்தோடதான் போயி மெசின்ல படுத்தாரு" என்றாள். "நாலு மணி நேரம். 'மாப்ள மேல கோவிச்சுக்காத, அவரு வேல அப்பிடி'ன்னு எங்கிட்டச் சொன்னாரு. நானும் கோவிச்சுக்கல."

"அப்ப ஏன்க்கா வீட்டுக்கு வர மாட்டேங்குற?"

அவள் கொஞ்ச நேரம் அடுப்பின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "நம்ம வாசல்ல அவரக் கெடத்தி வச்சிருந்தப்ப வாங்க சார்னு சொன்ன பாரு. அப்பத்தான்டா எனக்கு வெளங்குச்சு. ஒனக்கு எல்லா எடமும் லாட்ஜுதான். ஒன் வீடும் அப்பிடித்தான் இருக்கும். அதுக்கு இங்கயே இருந்துட்டுப் போறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டுப் போட்ட கண்ணால் அவள் அழக் கூடாது என்று பயந்து, நானும் அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சாயங்காலம் என் மனைவி வந்து கூப்பிட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "பாப்போம்த்தா" என்று அவளுக்கும் பதில் கிடைத்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கெல்லாம் நான் கவுண்டருக்கு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். கட்டுப் பிரித்ததும் வீட்டுக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ, தங்க வேண்டாம், சாப்பிட்டால் போதும் என்று கேட்கலாம் என்றிருந்தேன். எட்டு மணிக்கு அக்கா பையோடு வந்தாள். கேட்டேன். அவள் சாவியைக் கவுண்டரில் வைத்தாள். கறுப்புக் கண்ணாடி என் பக்கம் ஒரு நிமிடம் திரும்பியிருந்தது. வாரேன் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அன்றைக்கு அவ்வளவு நடந்தும் போயிட்டு வாரேன்டா என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள். ஒன்றும் பேசவில்லை. திரும்பினாள், படியைக் காலால் தடவி இறங்கினாள், நின்றிருந்த ஆட்டோவில் ஏறினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரூம் பாய் ஏழாம் நம்பரைப் பார்த்துவிட்டு வந்தார். "அடுப்ப வச்சிட்டுப் போய்ட்டாங்கண்ணே. வயரெல்லாம் அழகாச் சுத்தி வச்சிருக்காங்க. ஆமா, அக்கா என்னண்ணே சொல்லிக்காமப் போறாங்க?"

எந்த வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம் என்று அவருக்கும் தெரியும். ரெஜிஸ்டரை இழுத்து, அக்காவின் பெயருக்கு நேரே ரூம் காலி செய்த நேரத்தை எழுதினேன். மனைவி போன் பண்ணினாள். "அக்கா வாராங்களா? இட்லி ஊத்திரவா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. இரண்டு பேர், ஒரு சூட்கேஸ். அதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.

"வாங்க சார், வாங்க."